அட்டைகள் திரும்பும் திசை

1904ஆம் ஆண்டு நார்வே நாட்டில், ஓஸ்லோ கடலிடுக்கின் மேற்குப் பக்கத்தில் உள்ள ஓசபெர்க் என்னும் பண்ணை நிலத்தில் ஒரு மண்மேட்டை அகழ்ந்தார்கள். உள்ளே ஒரு முழுக் கப்பல் இருந்தது. கப்பலுக்குள் இரு பெண்களின் எலும்புகள், ஒரு வண்டி, பனிச்சறுக்கு வண்டிகள், கட்டில்கள், சமையற் பாத்திரங்கள், நெசவுக் கருவிகள். மரத்தின் ஆண்டு வளையங்களைக் கணக்கிட்டு, அடக்கம் நிகழ்ந்தது கி.பி. 834 என்று பின்னாளில் முடிவு செய்தார்கள். வைக்கிங்குகளின் காலத்தைப் பற்றிப் பேசும் எல்லா நூல்களிலும் அந்தக் கப்பலின் படம் இருக்கும். ஆனால் அதே குழியிலிருந்து வந்த இன்னொரு பொருளைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. மெல்லிய மரத்தாலான 52 சிறு அட்டைகள். அவற்றின் துளைகளில் இழைகள் அப்படியே கோக்கப்பட்டிருந்தன. யாரோ நெய்துகொண்டிருந்த ஒரு நாடா, பாதியில் நின்றுவிட்ட நிலையில் மண்ணுக்குள் போயிருந்தது.

பாதியில் நின்றுபோன வாக்கியத்தை நாம் எப்படிப் படிப்போம்? மொழியின் இலக்கணம் தெரிந்திருந்தால் அடுத்து என்ன வரக்கூடும், என்ன வர இயலாது என்றாவது சொல்ல முடியும். இலக்கணம் தெரியாதவருக்கு அது வெறும் கீறல்களின் வரிசை. அந்த 52 அட்டைகளும் அப்படித்தான். அவற்றுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. அந்த இலக்கணம் என்ன, அது எவ்வாறு மீண்டும் கற்கப்பட்டது, அதைக் கற்றவர்கள் பழந்துணிகளில் எதைப் படித்தார்கள் என்பதைப் பற்றியதே இக்கட்டுரை.

*

நெசவு என்றதும் நம் மனதில் எழுவது தறி. பாவு நூல்கள் விழுதுகளில் கோக்கப்பட்டு, மிதியை மிதிக்கும்போது பாதி மேலேறி, பாதி கீழிறங்கி, நடுவே உண்டாகும் இடைவெளியில் ஊடை பாய்கிறது. அட்டை நெசவில் விழுதும் இல்லை, மிதியும் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் சதுர அட்டைகள் மட்டுமே. மரம், எலும்பு, கொம்பு, தோல், தடித்த காகிதம் என்று எதிலும் அவற்றைச் செய்யலாம். நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு துளை. ஒவ்வொரு துளையிலும் ஒரு பாவு நூல். இப்படிக் கோத்த அட்டைகளைச் சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் நிறுத்தியதுபோல் நெருக்கி நிறுத்துவார்கள். நூல்களின் ஒரு முனை ஒரு தூணிலும் மறுமுனை நெய்பவரின் இடுப்பிலும் கட்டப்பட்டிருக்கலாம். அவ்வளவுதான் கருவி.

ஓர் அட்டையின் மேல்மூலைகள் இரண்டிலும் உள்ள நூல்கள் மேலே நிற்கும். கீழ்மூலைகளின் நூல்கள் கீழே நிற்கும். நடுவே ஊடையைச் செலுத்த வேண்டும். பிறகு அட்டையைக் கால் சுற்று திருப்ப வேண்டும். மேலிருந்த இரண்டில் ஒன்று கீழே போகும். கீழிருந்த இரண்டில் ஒன்று மேலே வரும். மீண்டும் ஊடை. மீண்டும் கால் சுற்று. நான்கு முறை திருப்பினால் அட்டை தொடங்கிய நிலைக்கு வந்துவிடும்.

தொடங்கிய நிலைக்கு வருவது அட்டை மட்டுமே, நூல்கள் அல்ல என்பதில்தான் இந்த நெசவின் சூட்சுமம் இருக்கிறது. ஒரு முழுச் சுற்றில் அந்த நான்கு நூல்களும் ஒன்றையொன்று ஒருமுறை சுற்றிக்கொண்டுவிடுகின்றன. அதாவது, ஒவ்வோர் அட்டையும் தன் நான்கு நூல்களைக் கொண்டு ஒரு நாற்புரிக் கயிற்றைத் திரித்துக்கொண்டே போகிறது. ஊடை அந்தக் கயிறுகளின் ஊடாகச் சென்று அவற்றைப் பக்கம் பக்கமாகப் பிணைக்கிறது. ஊடை கண்ணுக்குத் தெரிவது விளிம்பில் மட்டுந்தான். மேற்பரப்பில் நாம் காணும் நிறமும் கோலமும் முழுக்கப் பாவு நூல்களுடையவை. தறித்துணியில் நூல்கள் ஒன்றையொன்று தாண்டிச் செல்கின்றன; இங்கே அவை ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொள்கின்றன. நெசவு என்பதைக் காட்டிலும் கயிறு திரிப்பதற்கு நெருக்கமான கலை என்றுகூட இதைச் சொல்லலாம்.

இதிலிருந்து முதல் விதி பிறக்கிறது. முறுக்கு சும்மா உண்டாவதில்லை. நெய்யப்பட்ட பக்கத்தில் ஒரு திசையில் முறுக்கு ஏறினால், அட்டைகளுக்கு அப்பால் இன்னும் நெய்யப்படாத நூல்களில் அதே அளவு முறுக்கு எதிர்த்திசையில் ஏறும். ஒரே திசையில் திருப்பிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அந்தப் பக்கத்து நூல்கள் இறுகி, அட்டைகள் நகர மறுக்கும். அப்போது திசையை மாற்றித்தான் ஆக வேண்டும். முன்னோக்கிப் போன ஒவ்வொரு சுற்றும் பின்னோக்கிச் செலுத்த வேண்டிய கடன்.

இரண்டாம் விதி சற்று நுட்பமானது. நூலை அட்டையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் செல்லுமாறு கோக்கலாம். வலத்திலிருந்து இடம் செல்லுமாறும் கோக்கலாம். அட்டையை முன்னோக்கித் திருப்பலாம், பின்னோக்கியும் திருப்பலாம். கயிறு வலம்புரியாக அமையுமா, இடம்புரியாக அமையுமா என்பதை இந்த இரண்டும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. இரண்டில் ஒன்றை மாற்றினால் புரி மாறும். இரண்டையும் மாற்றினால் புரி மாறாது. பள்ளிக் கணக்கில் எதிர்க்குறியை எதிர்க்குறியால் பெருக்கினால் நேர்க்குறி வருவதைப் போன்றதே இது. எழுத்தறியாத ஒரு கைக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் ஒரு நேரான கோட்டைக்கூட நெய்ய முடியாது.

ஏன் முடியாது? ஒவ்வோர் அட்டையிலும் மூன்று வெள்ளை நூல், ஒரு சிவப்பு நூல் என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த அட்டைகளைக் கால் சுற்று முன்னே தள்ளி வைத்துத் தொடங்கினால், நாடாவில் சிவப்பு ஒரு சாய்கோடாக ஓடும். கயிற்றின் புரியும் அதே பக்கம் சாய்ந்திருந்தால் கோடு வழுவழுப்பாக அமையும். புரி எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் அதே கோடு ரம்பப் பல்லைப் போலக் கரடுமுரடாகும். இரண்டு நாடாக்களிலும் நிற அமைப்பு ஒன்றுதான்; நூல் ஒன்றுதான். வேறுபாடு கோத்த திசையில் இருக்கிறது. படத்தைப் பார்த்து நிறங்களை மட்டும் நகலெடுத்தவருக்குத் தன் நாடா ஏன் பிசிறடிக்கிறது என்று விளங்காது. விதியைக் கற்றவருக்குப் பார்த்த மாத்திரத்தில் விளங்கும்.

மூன்றாவதாக, திசை மாற்றத்தைப் பற்றிய விதி. எட்டு முறை முன்னோக்கித் திருப்பிவிட்டு எட்டு முறை பின்னோக்கித் திருப்பினால், வந்த கோலம் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி வரும். நம் சித்திரக் கவிகளுள் மாலைமாற்று என்று ஒன்று உண்டல்லவா, முதலிலிருந்து படித்தாலும் கடையிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருவது? அதுபோல. சாய்கோடுகள் இப்படித் திரும்பும்போது அம்புமுனைகளும் வைர வடிவங்களும் தாமாகவே உண்டாகின்றன. கோட்டின் சாய்வோடு புரியின் சாய்வும் சேர்ந்தே மாறுவதால், வழுவழுப்பான கோடு திரும்பிய பின்னும் வழுவழுப்பாகவே இருக்கிறது. ஆனால் திரும்பிய இடம் மறைவதில்லை. வழக்கமாக ஒரு நூல் இரண்டு ஊடைகளின்மேல் கிடக்கும். திசை மாறும் இடத்தில் ஒரு நூல் மூன்று ஊடைகளின்மேல் நீண்டு கிடக்கும். கூர்ந்து பார்க்கும் கண்ணுக்கு அது ஒரு தையல் தழும்பைப் போலத் தெரியும்.

இதுவரை எல்லா அட்டைகளும் ஒன்றாகத் திரும்புவதாகக் கொண்டோம். அவ்வாறு நெய்தால் கோலம் முழுவதும் நூல் கோக்கும்போதே தீர்மானமாகிவிடும். பிறகு திருப்புவது வெறும் உழைப்பு. ஒவ்வோர் அட்டைக்கும் தனித் திசை என்று விட்டால் நிலைமை தலைகீழாகிறது. 20 அட்டைகள் இருந்தால் ஒவ்வோர் ஊடைக்கும் 10,48,576 விதமாகத் திருப்பலாம். ஓசபெர்க்கின் 52 அட்டைகளுக்கு அந்த எண் ஏறத்தாழ 45 கோடி கோடி. இவ்வளவு சுதந்திரத்தை வைத்துக்கொண்டு யாரும் எதையும் நெய்ய முடியாது. நேரசை, நிரையசை என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு யாப்பு எவ்வாறு ஓசையைக் கட்டுக்குள் கொண்டுவருகிறதோ, அவ்வாறே முன், பின் என்ற இரண்டை வைத்து நெய்பவர்கள் சில ஒழுங்குகளைக் கண்டார்கள்.

அவற்றுள் மிக அழகானது இருமுக நெசவு. அட்டையின் அடுத்தடுத்த இரு துளைகளில் கருநூல். மற்ற இரண்டில் வெண்ணூல். மேலே ஒரு கருநூலும் ஒரு வெண்ணூலும் நிற்கும் நிலையில் தொடங்கி, இருமுறை முன், இருமுறை பின் என்று திருப்பிக்கொண்டே போனால் நாடாவின் மேல்முகம் முழுக்கக் கறுப்பாகவும் அடிமுகம் முழுக்க வெள்ளையாகவும் வரும். நான்கு ஊடைக்கு ஒருமுறை முறுக்குக் கடன் தீர்ந்துவிடுவதால் எவ்வளவு நீளமும் நெய்யலாம். நிறத்தை மாற்ற வேண்டிய இடத்தில், திரும்பவேண்டிய அட்டையைத் திருப்பாமல் அதே திசையில் இன்னும் இருமுறை செலுத்த வேண்டும். அந்தக் கயிற்றில் மட்டும் வெள்ளை மேலே வந்துவிடும். எந்த அட்டையில், எந்த ஊடையில் இதைச் செய்வது என்று தெரிந்தவர் பறவையை நெய்யலாம், கோபுரத்தை நெய்யலாம், எழுத்தையும் நெய்யலாம்.

*

இந்த விதிகளை நூலிலிருந்து கற்ற முதல் தலைமுறை என்று ஒன்று உண்டு. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அட்டை நெசவு மெல்ல வழக்கொழிந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அறிஞர்களுக்குப் புதிராகியிருந்தது. சொல் இருந்தது, பொருள் மறந்துபோயிருந்தது. பழைய ஐஸ்லாந்துப் பாடல் தொகுதியான எட்டாவில், குட்ரூனைப் பற்றிய பாடல்களுள் ஒன்று ஹூணர் நாட்டுப் பெண்கள் அட்டைகளைக்கொண்டு நெய்வதைக் குறிப்பிடுகிறது. அருங்காட்சியகங்களில் நாடாக்கள் இருந்தன. ஆனால் அட்டையைக்கொண்டு எப்படி நெய்வது என்பதை நேரில் அறிந்த அறிஞர் அரிது.

அதை ஆராயப் புகுந்தவர் மார்கரெட்டே லேமான்-ஃபில்ஹேஸ் என்னும் ஜெர்மானியப் பெண்மணி. அவர் நெசவாளர் அல்லர்; ஐஸ்லாந்தின் நாட்டார் கதைகளை ஜெர்மனில் மொழிபெயர்த்தவர். மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சொல் புரியாமல் போனால் தூக்கம் வராது என்பதை நம்மில் மொழிபெயர்த்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். இதற்கிடையே 1898இல் பெர்லின் மருத்துவரும் மானிடவியலாளருமான மாக்ஸ் பார்டெல்ஸ், காகசஸ் மலைப்பகுதியில் சீட்டுகளைக்கொண்டு நெய்யும் வழக்கத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். வடக்கே இறந்துபோன கலை கிழக்கே உயிரோடு இருந்தது. 1901இல் லேமான்-ஃபில்ஹேஸின் அட்டை நெசவு பற்றிய நூல் பெர்லினில் வெளிவந்தது. அந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றிய தற்கால ஆய்வுகள் அனைத்தும் அந்தச் சிறு நூலிலிருந்தே தொடங்குகின்றன எனலாம். அது வெளிவந்து மூன்று ஆண்டுகளில் ஓசபெர்க்கின் அட்டைகள் மண்ணிலிருந்து வெளிவந்தன. துளையிட்ட சிறு மரச்சதுரம் ஒன்று தனியாகக் கிடைத்தால் அதை எதுவாகவும் எண்ணிக்கொள்ளலாம்; 52 சதுரங்கள் நூலோடு கிடைத்தபோது அவை என்னவென்று சொல்லும் நூலும் அலமாரியில் இருந்தது.

*

இங்கே கதை ஓர் எச்சரிக்கையான திருப்பத்தை அடைகிறது. புதிதாக ஒரு திறவுகோல் கிடைத்தவர் காணும் பூட்டிலெல்லாம் அதைப் போட்டுப் பார்ப்பது இயல்புதானே?

இங்கிலாந்தின் லிவர்பூல் அருங்காட்சியகத்தில் எகிப்திய லினன் கச்சை ஒன்று உள்ளது. மூன்றாம் ராம்சேஸ் மன்னனுடையது என்று சொல்லப்படுவது, அதாவது கி.மு. 12ஆம் நூற்றாண்டு. ஐந்து மீட்டருக்கும் மேற்பட்ட நீளம். ஒரு முனையில் 13 செண்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம், போகப் போகக் குறுகி மறுமுனையில் ஐந்து செண்டிமீட்டருக்கும் குறைவு. பல நிறப் பாவு நூல்களால் ஆன நுண்ணிய கோலங்கள் அதன் நீளம் முழுவதும் ஓடுகின்றன. இதை எப்படி நெய்திருக்க முடியும் என்று வியந்தவர்களுள் சிலர், அட்டைகளால்தான் என்றனர். அட்டைகளைக்கொண்டு அதே கோலத்தை நெய்தும் காட்டினர்.

1916இல் இதே கருத்தை வலியுறுத்தி ஒரு நூல் சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெல் நகரில் வெளிவந்தது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் எகிப்தியவியலாளர் குஸ்தாவ் ஜெக்கியே. மற்றவர் அர்னால்ட் வான் ஜென்னப். பிறப்பு, பூப்பு, மணம், இறப்பு என்று வாழ்வின் வாசல்களைக் கடக்கும்போது செய்யும் சடங்குகளைப் பற்றி 1909இல் எழுதி, மானிடவியலில் அழியா இடம்பெற்ற அதே வான் ஜென்னப்தான். எகிப்திய அலங்காரக் கோலங்கள் பலவற்றின் மூலமே அட்டை நெசவுதான் என்ற அளவுக்கு அவர்களுடைய வாதம் விரிந்தது.

1923இல் இதற்கு மறுப்பு எழுதியவர்கள் கிரேஸ் குரோஃபுட், ஹென்றி லிங் ராத் ஆகிய இருவர். பண்டை எகிப்தியர் அட்டை நெசவை அறிந்திருந்தனரா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. கச்சையை எளிய தறியில், விழுதுகளைக்கொண்டே நெய்திருக்க இயலும் என்று அவர்கள் காட்டினர். அட்டைகளால் நெய்ய இயலும் என்பதை அவர்கள் மறுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இயலும் என்பது நிகழ்ந்தது என்பதற்குச் சான்றாகாது என்பதே அந்த மறுப்பின் சாரம்.

நம் தர்க்க மரபில் மலையில் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பது வழக்கமான எடுத்துக்காட்டு. புகைக்கு நெருப்பைத் தவிர வேறு காரணம் இல்லை என்ற நிச்சயம்தான் அந்த அனுமானத்தின் உயிர். கோலத்துக்கோ பல காரணங்கள் இருக்கலாம். அட்டைகளைத் தக்கபடி திருப்பினால் முறுக்கே இல்லாத துணியையும் அவற்றால் நெய்ய முடியும். அப்படி நெய்த துணி தறித்துணியோடு ஒத்துப்போகும். எனவே கோலத்தின் தோற்றத்தை மீண்டும் உண்டாக்கிக் காட்டுவது நெய்பவரின் திறமைக்குச் சான்று, வரலாற்றுக்குச் சான்றன்று. வரலாற்றுக்குச் சான்று வேண்டுமென்றால் அட்டை மட்டுமே விட்டுச்செல்லக்கூடிய தடயத்தைத் தேட வேண்டும். பக்கம் பக்கமாக நாற்புரிக் கயிறுகள் நிற்க வேண்டும். புரி திசைமாறும் இடங்கள் இருக்க வேண்டும். அங்கே அந்த நீண்ட நூல் கிடக்க வேண்டும். இன்று துணி வரலாற்றாளர்களிடையே அந்தக் கச்சை தறியில் நெய்யப்பட்டது என்ற கருத்தே வலுவாக உள்ளது.

கிரேஸ் குரோஃபுட்டைப் பற்றி இன்னும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். எகிப்தில் இல்லை என்று சொன்ன அதே பெண்மணி, இங்கிலாந்தின் டர்ஹாம் பேராலயத்தில் ஆம் என்று சொன்னார். அங்கே புனித கத்பர்ட்டின் சவப்பெட்டியிலிருந்து 1827இல் எடுக்கப்பட்ட வழிபாட்டு ஆடைகள் உள்ளன. பொன்னிழையால் பூத்தையல் செய்த அந்த ஆடைகளின் விளிம்புகளில் மெல்லிய நாடாக்கள் தைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் இழைகளைப் படித்து, அட்டை நெசவே என்று விளக்கி அவர் எழுதியது 1956இல் வெளியான ஒரு தொகுப்பில் இடம்பெற்றது. ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு ஓரிடத்தில் இல்லை என்றும் மற்றோரிடத்தில் உண்டு என்றும் சொல்ல முடிந்ததே அறிவு. ஊடுகதிர்களின் வழியே மூலக்கூறுகளின் அமைப்பைப் படித்து 1964இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற டோரத்தி ஹாட்ஜ்கின், இந்தக் கிரேஸ் குரோஃபுட்டின் மகள். தாய் இழைகளில் தேடியதையும் மகள் படிகங்களில் தேடியதையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, இரண்டுமே மேற்பரப்பின் ஒழுங்கிலிருந்து உள்ளமைப்பை மீட்டெடுக்கும் முயற்சிகள் என்று தோன்றுகிறது.

*

விதிகளை அறிந்தவர்களின் கையில் அட்டை நெசவின் வரலாறு பின்னோக்கி நீண்டது. இத்தாலியின் வெருக்கியோவில் ஏறத்தாழ கி.மு. 700ஐச் சேர்ந்த கல்லறையிலிருந்து வந்த மேலாடைகளின் விளிம்புகள் அட்டை நெசவு. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கத்தில், உப்பின் தயவால் நிறம் மங்காமல் கிடைத்த சில நாடாக்கள் அட்டை நெசவு. தென்ஜெர்மனியின் ஹோக்டார்ஃப் ஊரில் 1978, 1979ஆம் ஆண்டுகளில் அகழப்பட்ட கெல்டியத் தலைவனின் கல்லறை கி.மு. 530ஐ ஒட்டியது. அங்கே உலோகப் பொருள்களை ஒட்டி எஞ்சிய துணித் துணுக்குகளிலும் மிக நுண்ணிய அட்டை நெசவு இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த லிசே ரேடர் க்னுட்சன் போன்ற ஆய்வாளர்கள் இத்தகைய துணுக்குகளைக் கயிறு கயிறாக எண்ணி, எத்தனை அட்டைகள், எந்த ஊடையில் எது திரும்பியது என்று கண்டறிந்து, மீண்டும் நெய்து பார்த்தார்கள்.

மண் தின்றதையும்கூடப் படிக்க முடியும். சுவீடனின் பிர்காவில் கிடைத்த வைக்கிங் காலத்துப் பட்டு நாடாக்களை ஆராய்ந்து ஆக்னஸ் கெய்யர் 1938இல் ஒரு நூல் வெளியிட்டார். பல நாடாக்களில் ஓர் அட்டைக்கு இரண்டு பட்டு நூல்களே எஞ்சியிருந்தன. மற்ற இரண்டு துளைகளில் இருந்த தாவர நூல் மட்கிவிட்டிருந்தது. நான்கில் இரண்டு இல்லை என்பது தெரிய வேண்டுமென்றால், நான்கு இருந்திருக்க வேண்டும் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். செல்லரித்த ஏட்டில் தளை தட்டுவதைக்கொண்டு விடுபட்ட சீரைக் கண்டுபிடிக்கும் பதிப்பாசிரியரின் வேலைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

படிக்க முடியாததும் ஒன்று உண்டு. கோத்த திசையும் திருப்பிய திசையும் சேர்ந்துதான் புரியைத் தீர்மானிக்கின்றன என்று பார்த்தோம். துணியில் எஞ்சுவது அந்தப் பெருக்கற்பலன் மட்டுமே. இடமிருந்து கோத்து முன்னோக்கித் திருப்பினாரா, வலமிருந்து கோத்துப் பின்னோக்கித் திருப்பினாரா என்பதைத் துணி ஒருபோதும் சொல்லாது. தெரிவது எது, தெரியவே இயலாதது எது என்ற எல்லைக்கோட்டையும் அதே விதிதான் வரைகிறது. எனவேதான் விதியைக் கற்பது வெறும் செய்முறையைக் கற்பதினும் வேறானது. மருத்துவம் படித்துவிட்டுத் தறிக்கு வந்த ஆங்கிலேயர் பீட்டர் காலிங்வுட் 1982இல் அட்டை நெசவின் நுட்பங்களைப் பற்றி எழுதிய பெருநூல் இன்றும் மதிக்கப்படுவதற்குக் காரணமும் இதுவே. கோலங்களைத் தொகுத்துத் தருவதோடு நில்லாமல், அவை எதனால் பிறக்கின்றன என்பதை அது வரிசைப்படுத்துகிறது.

*

இந்தக் கலை ஐரோப்பாவுக்கு மட்டும் உரியதன்று. ஓலைச்சுவடியோடு பழகிய நமக்கு மிக நெருக்கமான ஒரு வடிவம் பர்மாவில் உண்டு. நம் சுவடிகளைத் துளையிட்டுக் கயிறு கோத்துச் சுற்றிக் கட்டுவார்கள். கயிற்றின் நுனியில் ஓலையைக் கத்தரித்துக் கிளிமூக்கு என்று ஒன்றை வைப்பதும் உண்டு. பர்மியர்கள் தம் பௌத்தச் சுவடிகளைத் துணியில் பொதிந்து, அதன்மேல் பல மீட்டர் நீளமுள்ள ஒரு நாடாவைச் சுற்றிக் கட்டினார்கள். அந்த நாடாவுக்கு சாஸிஜோ என்று பெயர். சுவடி கட்டும் கயிறு என்பதே அதன் பொருள். அது அட்டைகளால், பெரும்பாலும் இருமுக நெசவில் நெய்யப்பட்டது. பகோடாக்கள், விலங்குகள், கொடிக்கம்பங்கள் ஆகியவற்றுக்கு இடையே பர்மிய எழுத்தில் செய்யுட்களும் உரைநடையும் அதில் ஓடும். சுவடியை எழுதுவித்துத் தானம் அளித்தவர்களின் பெயர், அவர்கள் செய்த அறம், அவர்கள் வேண்டும் நிர்வாணம் ஆகியன சொல்லப்பட்டு, மனிதரும் தேவரும் சாது என்று வாழ்த்துமாறு கேட்டு முடியும். ரால்ஃப் ஐசக்ஸ் 2014இல் இந்த நாடாக்களைப் பற்றித் தனிநூலே எழுதியிருக்கிறார்.

எழுத்தை நெய்வது எவ்வளவு கடினம் என்று நாம் இப்போது கணக்கிட முடியும். பர்மிய எழுத்துகள் வட்டமானவை. ஒவ்வொரு வட்டத்தின் ஒவ்வொரு வளைவிலும், சில அட்டைகள் திரும்ப வேண்டும், சில தொடர வேண்டும். ஓர் எழுத்து முடிவதற்குள் அத்தகைய முடிவுகள் பல பத்து. நாடாவின் அடிமுகத்தில் அதே எழுத்துகள் நிறம் மாறி, இடவல மாற்றத்தோடு நிற்கும். ஆகவே அது ஒரே நேரத்தில் இரண்டு பிரதிகள்.

உண்மையில் மூன்று என்று சொல்ல வேண்டும். டர்ஹாமின் ஆடையில் பூத்தையலால் எழுதிய வரிகள், அதைச் செய்யச் சொன்ன அரசி ஏல்ஃப்லேடையும் அதைப் பெற்ற பேராயர் ஃப்ரிதெஸ்டானையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. நாடாவை நெய்த கையின் பெயர் அங்கே இல்லை. ஓசபெர்க்கின் 52 அட்டைகளைக் கோத்தவர் அந்தக் கப்பலில் கிடந்த இருவருள் ஒருவரா, வேறு யாருமா என்று சொல்ல வழியில்லை. ஆனால் எழுத்துக்கும் படத்துக்கும் அடியில், கயிற்றுக்குக் கயிறு, ஊடைக்கு ஊடை, எப்போது திரும்பினார், எப்போது திரும்பாமல் தொடர்ந்தார், எந்த இடத்தில் ஓர் அட்டையை மறந்துவிட்டு அடுத்த ஊடையில் சரிசெய்துகொண்டார் என்பதெல்லாம் முறுக்கில் பதிந்திருக்கிறது. கொடுத்தவரின் பெயரை எழுத்தறிந்த எவரும் படிக்கலாம். நெய்தவரின் முடிவுகளைப் படிக்க அட்டை திரும்பும் விதியைக் கற்றிருக்க வேண்டும்.